எல்இடி டிரைவர் சிப்புகள்: மின்னோட்டம் அமைத்தலும் ஒளி குறைத்தலும்

எல்இடி டிரைவர் சிப் என்பது எல்இடிகளில் ஓடும் மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தி வைக்கும் தொகுசுற்று. எல்இடியின் வெளிச்சம் மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னழுத்தம் சற்றே கூடினாலும் மின்னோட்டம் சட்டென எகிறிவிடும். சூடேறினால் அதே மின்னோட்டத்துக்குக் குறைந்த மின்னழுத்தமே போதும். அதனால் மின்னழுத்தத்தை மட்டும் கட்டுப்படுத்தி வெளிச்சத்தைச் சீராக வைக்க முடியாது.

வாடிப்பட்டி, மதுரை வட்டாரத் திருவிழாக்களில் சீரியல் செட்டும் எல்இடி திரையும் இன்று பழகிய காட்சிகள். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்தைக் கோயிலுக்கு வெளியே நிற்கும் கூட்டம் பெரிய திரைகளில் பார்க்கிறது. அத்தகைய திரையில் எல்இடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு சிப் பெரும்பாலும் 16 வரிசைகளைத்தான் (தனித்தனி வெளியீடுகளைத்தான்) ஓட்டும் என்பதால் பல சிப்புகள் தேவை. அவை ஓட்டும் எல்இடிகள் எல்லாம் ஒரே அளவில் எரிய வேண்டும். சித்திரை வெயிலில் முழு வெளிச்சமும், இரவில் கண் கூசாத வெளிச்சமும் தர வேண்டும்.

மின்னோட்டத்தின் உச்ச அளவைச் சிப்புக்கு வெளியே உள்ள ஒரு ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎல்சி5940 சிப்பில் 1.24 வோல்ட்டை அந்த ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்து 31.5 ஆல் பெருக்கினால் ஒரு வரிசையின் மின்னோட்டம் கிடைக்கும். 2 கிலோ ஓம் வைத்தால் சுமார் 19.5 மில்லி ஆம்பியர். பல சிப்புகளில் இந்த ரெசிஸ்டர் இணையும் ஐரெஃப் கால்களை ஒன்றாக இணைத்து ஒரே ரெசிஸ்டரோ வால்யூம் கண்ட்ரோலோ வைக்கும் ஆசை பலருக்கு வருகிறது. அது தவறு. ஒவ்வொரு சிப்பும் அந்தக் காலில் தன் 1.24 வோல்ட்டை நிறுத்தப் பார்க்கும். அந்த மதிப்புகள் சிப்புக்குச் சிப் மிகச் சிறிதளவு வேறுபடும். ஆகவே ஒரு சிப் பெரும்பங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ள, மற்றவை மங்கும். சிப்புக்கு ஒரு ரெசிஸ்டர், அதுவும் 1 சதவீதத் துல்லியம் கொண்டது, என்பதே சரியான வழி. எஞ்சும் ஏற்றத்தாழ்வை டிஎல்சி5940 சிப்பில் வரிசைவாரியாக 64 படிகளில் திருத்தலாம்.

எல்லாச் சிப்புகளையும் சேர்த்து மங்கவைக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, மாற்றக்கூடிய ஒரு பொது மின்னழுத்தத்தை ஒவ்வொரு சிப்பின் ஐரெஃப் காலுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வழியே கொடுப்பது. அந்த மின்னழுத்தம் கூடக்கூட மின்னோட்டம் குறையும். ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் துல்லியம் கெடும், பச்சை எல்இடியின் நிறமும் சற்று மாறும். இரண்டாவது, மின்னோட்டத்தை மாற்றாமல் எரியும் நேரத்தைக் குறைக்கும் துடிப்பு முறை. நிறம் மாறாததால் திரைகளுக்கு இதுவே மேல். துடிப்புகளை எண்ணும் சுற்று (எண்ணி) உள்ளே இல்லாத எளிய சிப்புகளில், வெளியீட்டை நிறுத்தும் காலை எல்லாவற்றுக்கும் பொதுவாக இணைத்துத் துடிக்கவைக்கலாம். டிஎல்சி5940 இல் அப்படிச் செய்யக் கூடாது. அதில் வெளியீட்டை நிறுத்தும் பிளாங்க் கால் உயரும்போதெல்லாம் உள்ளிருக்கும் எண்ணி சுழியத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு அனுப்பும் வெளிச்ச அளவு எண்களையே குறைக்க வேண்டும், அல்லது அந்த 64 படித் திருத்தத்தை எல்லாச் சிப்பிலும் ஒன்றுபோலக் குறைக்க வேண்டும்.

துடிப்பின் வேகமும் முக்கியம். டிஎல்சி5940 எண்ணியின் 4096 படிகளும் நொடிக்கு 100 முறை முடிய வேண்டுமானால் கடிகாரம் நொடிக்கு 4,09,600 முறை துடிக்க வேண்டும். கண்ணுக்கு இது போதுமெனத் தோன்றினாலும் செல்போன் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். முழுதாக எரிந்து முழுதாக அணையும் விளக்குக்கு நொடிக்கு 1250 துடிப்புக்கு மேல் இருந்தால் மினுக்கலால் பார்ப்பவருக்கு வரும் பாதிப்பு குறைவு என்கிறது ஐஇஇஇ 1789-2015 வழிகாட்டி.

கோடையில் சிப்புகள் பொருத்திய பலகையைக் கெடுப்பது வெப்பம். 2 வோல்ட் சிவப்பு எல்இடியை 5 வோல்ட்டில் ஓட்டினால் மீதி 3 வோல்ட் சிப்பிலேயே சூடாகும். 20 மில்லி ஆம்பியர் வீதம் 16 வரிசைக்கு 0.96 வாட். சிவப்புக்கு மட்டும் தனியாக 3.5 வோல்ட் கொடுத்தால் அது 0.48 வாட்டாகக் குறையும்.