கீவா ரோபோக்கள்: கிடங்குத் தளத்தில் உருவான போக்குவரத்து ஒழுங்கு

ஒரே தளத்தில் பல நூறு ரோபோக்கள் ஒன்றோடொன்று மோதாமலும் வழியை அடைத்து நிற்காமலும் ஓட வேண்டும். இன்றைய பெரிய சரக்குக் கிடங்குகளில் இது அன்றாட வேலையாகிவிட்டது. இம்முறை பரவக் காரணமான நிறுவனம் அமெரிக்காவின் கீவா சிஸ்டம்ஸ். அதன் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது.

இணையத்தில் மளிகை விற்ற வெப்வேன் நிறுவனம் 2001 ஜூலையில் திவாலானது. அங்கே பணியாற்றிய மிக் மவுண்ட்ஸ், ஒவ்வோர் ஆர்டரையும் எடுத்துக் கட்டி அனுப்பும் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதைக் கண்டிருந்தார். வழக்கமான கிடங்கில் தொழிலாளியின் நேரத்தில் பெரும்பகுதி நடப்பதிலேயே கழிந்துவிடும். பொருளைத் தேடி ஆள் போகாமல், ஆள் நிற்கும் இடத்துக்கு அலமாரியே வந்தால் என்ன என்று அவர் யோசித்தார். கணினி அறிவியலாளர் பீட்டர் வர்மனும் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரஃபேலோ டி'ஆண்ட்ரியாவும் அவருடன் சேர்ந்தனர். டி'ஆண்ட்ரியாவின் மாணவர் அணி அதற்கு முன்பே ரோபோ கால்பந்துப் போட்டியில் உலகப் பட்டம் வென்றிருந்தது. நிறுவனம் 2003இல் தொடங்கியது.

ஓட்டுநரில்லாத வண்டிகள் அப்போது புதியவை அல்ல. 1950களிலேயே அமெரிக்காவில் கம்பித் தடத்தைப் பின்பற்றி ஓடும் இழுவை வண்டிகள் இருந்தன. ஆனால் அவற்றின் பாதை மாறாதது. முன்னால் ஒன்று நின்றால் பின்னால் வருபவையும் நிற்க வேண்டியதுதான்.

கீவா தளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு குறியீட்டு ஒட்டியைப் பதித்தது. தாழ்வான ஆரஞ்சு நிற ரோபோ, கீழ்நோக்கிய கேமராவால் ஒட்டியைப் படித்துத் தன் இடத்தை அறியும். அலமாரியின் அடியில் புகுந்து அதைத் தூக்கிச் செல்லும். சுமையில்லாத ரோபோ மற்ற அலமாரிகளின் அடியிலேயே குறுக்கே போய்விடலாம். சுமையோடு வருவதோ நடைபாதை வழியாகத்தான் வர வேண்டும்.

இதில் ரோபோவின் சாமர்த்தியத்தைவிடத் தளத்தின் ஒழுங்கே பெரியது என்று சொல்லத் தோன்றுகிறது. ரோபோ முதலில் தன் பாதையைத் திட்டமிடுகிறது. பிறகு முன்னால் உள்ள கட்டங்களை முன்பதிவு செய்கிறது. அது கடந்து சென்று விடுவிக்கும்வரை வேறெந்த ரோபோவும் அங்கே நுழைய முடியாது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் நிலைய அதிகாரி பெரிய வளையத்தில் வைத்துக் கொடுத்த டோக்கனை நினைவுள்ளவர்களுக்கு இது உடனே விளங்கும். டோக்கன் கையில் இல்லாமல் ரயில் அடுத்த பகுதிக்குள் போகாது.

முன்பதிவு மோதலைத் தடுக்கும், நெரிசலைத் தடுக்காது. நான்கு ரோபோக்கள் ஒரு சதுரமாக நின்று, ஒவ்வொன்றும் அடுத்தது நிற்கும் கட்டத்துக்காகக் காத்திருந்தால் எதுவும் மோதாது. எதுவும் நகரவும் செய்யாது. கணினி அறிவியல் இதை முட்டுக்கட்டை நிலை என்கிறது. பல நிரல்கள் ஒரே வளத்துக்குப் போட்டியிடும்போது அவற்றை ஒழுங்குபடுத்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் தந்த கருவிக்கு 'செமஃபோர்' என்று பெயர்; அதுவும் ரயில் கைகாட்டியின் பெயர்தான். எல்லா ரோபோக்களுக்கும் சேர்த்து மிகச் சிறந்த பாதைகளைக் கணக்கிடுவது, எண்ணிக்கை கூடக்கூட நடைமுறைக்கு ஒவ்வாத அளவு கடினமாகிவிடும். எனவே இத்தகைய அமைப்புகள் போதுமான அளவு நல்ல பாதையோடு திருப்தியடைகின்றன.

அமேசான் 2012இல் கீவாவை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. வெளியாருக்கு விற்பது நின்றுபோனது. கீவாவை நம்பியிருந்த குவைட் லாஜிஸ்டிக்ஸ் என்ற கிடங்கு நிறுவனம் வேறு வழியின்றித் தானே ரோபோ உருவாக்க முனைந்தது. லோகஸ் ரோபோட்டிக்ஸ் அப்படிப் பிறந்தது.

ஒழுங்கு எப்போதும் காக்கவில்லை. 2021 ஜூலையில் லண்டனின் எரித் பகுதியில், வேறு வகைக் கட்ட அமைப்பைப் பயன்படுத்தும் ஒகாடோ கிடங்கில் மூன்று ரோபோக்கள் மோதித் தீப்பற்றியது.

கீவா தளம் மனிதர் நடமாடாத இடமாகவே வகுக்கப்பட்டது. தொழிலாளி விளிம்பில் நின்று, வரும் அலமாரியிலிருந்து பொருளை எடுப்பார். நடை குறைந்தது. ஆனால் அலமாரிகள் வரிசையாக வந்துகொண்டே இருப்பதால் வேகம் கூடியது. ரோபோக்கள் உள்ள அமேசான் கிடங்குகளில் கடுமையான காயங்களின் விகிதம் மற்றவற்றைவிட அதிகம் என்று 2020இல் 'ரிவீல்' என்ற அமெரிக்கப் புலனாய்வு இதழியல் அமைப்பு எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது. கீழே விழுந்த பொருளை எடுக்க ரோபோக்களின் தளத்துக்குள் இறங்கும் பணியாளர் இப்போது ஒரு சிறப்பு இடுப்புப் பட்டை அணிகிறார். அதன் சமிக்ஞை கிடைத்ததும் அருகிலுள்ள ரோபோக்கள் வேகம் குறைத்து விலகிச் செல்கின்றன.