மேலவளவு: ஒரே பேருந்தில் வந்த ஆறு பேர்

இந்த முறை நம் மதுரைப் பக்கத்து வரலாறு ஒன்றைப் பார்ப்போம். எங்கள் கூடலூருக்கு மேலே லோயர் கேம்பில் இறங்கும் பெரியாறு தண்ணீர், வைகை அணை, பேரணை வழியாகப் பெரியாறு பிரதானக் கால்வாயில் ஓடி மேலூர் வயல்களுக்குப் போகிறது. அந்த மேலூருக்குப் பக்கத்தில்தான் மேலவளவு கிராமம் இருக்கிறது.

1992ல் நிறைவேறிய 73வது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவியில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு தந்தது. அதன்படி 1996ல் மேலவளவு தனி ஊராட்சி ஆனது. ஊரின் ஆதிக்க சாதியினர் இதை ஏற்கவில்லை. மிரட்டலுக்குப் பயந்து வேட்பாளர்கள் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். வீடுகள் எரிக்கப்பட்டன. பிறகு நடந்த வாக்குப்பதிவில் வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. கடைசியில் டிசம்பர் இறுதியில் போலீஸ் பாதுகாப்போடு தேர்தல் நடந்து, முருகேசன் தலைவரானார். ஆனாலும் அவரால் ஊராட்சி அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை.

1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டு, முருகேசனும் உடன் இருந்தவர்களும் பேருந்தில் ஊர் திரும்பினார்கள். ஊரை நெருங்கும்போது ஒரு கும்பல் பேருந்தை மறித்து வெட்டியது. ஆறு பேர் இறந்தார்கள். தலைவர் முருகேசன், துணைத் தலைவர் மூக்கன், ராஜா, செல்லத்துரை, சேவகமூர்த்தி, பூபதி.

ஆறு பெயரையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தச் சம்பவத்தைப் பேசும்போது பலரும் முருகேசன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். மற்ற ஐவரும் வழியில் தற்செயலாக மாட்டிக்கொண்டவர்கள் அல்ல. ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் தங்கள் தலைவரோடு நின்றவர்கள். ஒரு மனிதரைத் தனியாக விடக் கூடாது என்று கூடப் போவதும் ஒரு வீரம்தானே?

அதே பேருந்தில் வந்து உயிர் பிழைத்தவர்கள் அதோடு ஒதுங்கிவிடவில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். அதே ஊரில் வாழ்ந்துகொண்டு அப்படிச் சாட்சி சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். வழக்கு சேலத்தில் நடந்து, 2001ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2006ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2009ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. ஆனால் தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008லும், 13 பேர் 2019 நவம்பரிலும் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள்.

இதே காலத்தில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து வருடம் தலைவர் பதவி நிலைக்கவில்லை. 2006ல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் இறந்தவர்கள் கேட்டதும் இவ்வளவுதான்: சட்டம் கொடுத்த நாற்காலியில் உட்கார உரிமை.

மேலவளவில் ஆறு பேருக்கும் நினைவிடம் இருக்கிறது. 'விடுதலைக் களம்' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு ஜூன் 30லும் மக்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். தண்டனைக் காலம் ஒருநாள் முடிந்துவிடும். நண்பனின் பெயரைச் சொல்வதற்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. இனி மேலவளவு பற்றிப் பேசினால் ஆறு பெயரையும் சேர்த்தே சொல்லுவோம் நண்பர்களே.