புல் முடிந்து வைத்த வழி

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவில் ஓட்டுநர் ஹாரனை விடாமல் அழுத்தினார். தார் முடிந்து பள்ளம் தொடங்குவதற்கு இடையில் இருந்த ஒரு முழ அகலத்தில், பள்ளிச் சீருடையில் நான்கு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி நின்றார்கள். பேருந்து கடந்ததும் மறுபடி நடக்கத் தொடங்கினார்கள். "ஓரமா நடக்கக்கூட இடம் இல்லையே" என்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். "பாதை அவங்களோடது தம்பி. ரோடுதான் அப்புறம் வந்துச்சு."

வரலாற்றுப் புத்தகம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார் என்று தோன்றியது. நம் ஊர்ச் சாலைகளில் பலவற்றுக்கு அடியில் ஒரு ஒற்றையடிப் பாதை புதைந்திருக்கிறது. முதலில் கால், பிறகு மாட்டுவண்டி, பிறகு தார். ஒவ்வொரு முறை அகலமாகும்போதும், அதை முதலில் போட்டவர் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்.

இந்த மலையடிவாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்தப் பக்கத்துப் பாட்டு. பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். அவனுடைய நவிர மலையைப் பர்வதமலை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பாட்டில் வரும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாறுதான். பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் அது. கல்லூரியில் அதை மன்னன் புகழாகப் படித்தேன். இப்போது படித்தால், கால்நடையாகப் போகிறவருக்கான பாதுகாப்புக் கையேடு போல இருக்கிறது.

காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிறது. பாம்பு கிடக்கும் குழிகள் உண்டு, ஒவ்வொருவராகக் கவனமாகக் கடந்து செல்லுங்கள் என்கிறது. தினைப்புனக் காவலர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவில் போங்கள் என்கிறது. பாசி படிந்து வழுக்கும் இடங்களையும் விட்டுவைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர்கள் வழி தவறாமல் இருக்க, இடத்தைத் துடைத்துப் புல்லை முடிச்சுப் போட்டு வைக்கச் சொல்கிறார் புலவர். இதைவிட எளிமையான வழிகாட்டிப் பலகை உண்டா? போட்டவர் போய்விடுவார். பயன்படுத்தப் போகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் வருவார், நடந்து வருவார் என்பது தெரியும்.

அந்த நினைப்பு எப்போது போனது?

மலைமேல் வாழும் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. அவர்களைப் பற்றிய ஒரு தோற்றக் கதையை 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் பார்க்கலாம். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் பெண்கள் ஏழு பேரைத் தூக்கிச் சென்றார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டதாக நினைத்துக் காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி நீந்தித் திரும்பிவிட்டன. ஆண்கள் அக்கரை ஏறி, வேடர்களைக் கொன்று, ஊர் திரும்பினால், மனைவியர் கைம்பெண்களாக இருந்தார்கள். காரியம் முடிந்துவிட்டது. செத்தவர்களுக்கு ஊரில் இடம் ஏது? அந்த ஏழு பேரும் வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறினார்கள் என்கிறது கதை.

கதை உண்மையா என்பது என் கேள்வி இல்லை. நடந்து போனவரை ஊர் இறந்தவர் கணக்கில் எழுதிவிட்டது என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் நாமும் நடப்பவரை அந்தக் கணக்கில்தான் ஒழுங்காக எழுதுகிறோம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதசாரிகள் 32,825. ஐந்தில் ஒருவர். இது மத்திய அரசின் கணக்கு. ஒரு தெருவில் தினமும் எத்தனை பேர் உயிரோடு நடக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான ஊர்களில் பதில் வராது. வண்டிகளை எண்ணுவார்கள். அகலப்படுத்த அது போதும்.

இதைச் சொல்லும்போது மலைக்காரர் ஒருவர் குறுக்கிட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கும். "ஏம்பா, எங்களுக்கு ரோடே வேணாங்கிறியா?" 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. சிகிச்சை கிடைப்பதற்குள் குழந்தை இறந்தது. உடலைக் கையில் ஏந்தி அந்தத் தாய் பல கிலோமீட்டர் மலைப்பாதையில் நடந்தாள். அவளிடம் போய் நடையின் அழகைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

அதற்கு முந்தைய வருடம், 2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில், செம்பரை கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள். இங்கே சாலை இருந்தது. மனிதர்களுக்கான ஏற்பாடு இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. சாலை வேண்டுமா வேண்டாமா என்பது தவறான கேள்வி. சாலை போடும்போது யாருடைய உடம்பை மனதில் வைத்து அளக்கிறோம்?

சமவெளியில் அளவுகள் எழுத்தில் இருக்கின்றன. இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே கடக்கும் அகலம் அது. சைக்கிள் பாதைக்கான விதி 1962-லேயே வந்துவிட்டது. 2014-இல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று கொள்கையே வகுத்தது. 2019-இல் பாண்டி பஜார் அகலமான நடைபாதையோடு திறந்தது. நல்ல விஷயம். ஆனால் தாம்பரத்துக்கோ ஆவடிக்கோ போய்ப் பாருங்கள். நடைபாதை மேல் டிரான்ஸ்பார்மர், அதை ஒட்டிப் பைக், அதற்கும் வெளியே சாலையில் பாட்டி.

சைக்கிளின் கதையும் இதேதான். 1991-இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் கணவனை எதிர்பார்க்காமல் போனார்கள். அதன் பிறகு அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. சைக்கிளைக் கொடுத்தோம், அது ஓட ஓரம் கொடுக்கவில்லை. அதனால் "மெயின் ரோட்ல போகாத" என்று வீட்டில் சொல்கிறார்கள். அதோடு பல பெண்பிள்ளைகளின் சைக்கிள் திண்ணையில் சாய்ந்துவிடுகிறது.

ஜமுனாமரத்தூர் இன்று தாலுகா தலைமையிடம். கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறுகிறது. காவலூர் வானாய்வகத்துக்கும் பீமன் அருவிக்கும் கார்கள் வருகின்றன. இனி அகலப்படுத்துவார்கள். தாம்பரம் செய்த தவறை இந்த ஊர் செய்ய வேண்டியதில்லை. பள்ளி முதல் பேருந்து நிலையம் வரை வண்டி ஏற முடியாத ஒரு ஓரம். வளைவுகளில் ஒதுங்கி நிற்கத் திட்டு. மழைநீர் வாய்க்காலுக்கு உறுதியான மூடி, அதுவே நடைபாதை. பழைய குறுக்குப் பாதைகளை அடைக்காமல் படி கட்டி வைப்பது. இதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ரோட்டோரம் உட்கார்ந்து, நடந்து வருகிறவர்களை எண்ணுவது.

திரும்பும்போது பேருந்து அதே வளைவில் திரும்பியது. பிள்ளைகள் இல்லை. அவர்கள் நின்றிருந்த ஒரு முழ மண்ணில் புல் முளைத்திருந்தது. யாரும் முடிந்து வைக்காத புல்.