புற்றுநோய்ச் சிகிச்சையும் வழித்தோன்றல்களும்

உயிர்காத்த மருந்தே பின்வரும் சந்ததிக்கு நஞ்சாகுமோ என்னும் ஐயம், குழந்தைப் பருவத்திற் புற்றுநோயினின்றும் மீண்டோரை நெடுங்காலம் வாட்டி வந்துள்ளது. இவ்வையத்தின் வேர் மருத்துவமனையிலன்றி ஆய்வுகூடத்திலேயே காணப்படுகின்றது.

எக்ஸ் கதிர்கள் பழ ஈயின் பரம்பரையலகுகளில் விகாரங்களைத் தோற்றுவிப்பதையும், அவை வழித்தோன்றல்களைச் சென்றடைவதையும் ஹேர்மன் முல்லர் 1927இல் நிறுவினார். 1945இல் ஹிரோசிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீழ்ந்தபின், அவ்வுண்மை உலகின் அச்சமாயிற்று. ஜேம்ஸ் நீல், வில்லியம் சல் ஆகியோர், மேலதிக உணவுப் பங்கீட்டுக்காகப் பதிவுசெய்த கருவுற்ற தாய்மாரின் விபரங்களைக் கொண்டு, 1948 முதல் 1954 வரை அந்நகரங்களிற் பிறந்த 70,000இற்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தனர். எதிர்பார்க்கப்பட்ட பிறவிக்குறைபாட்டுப் பெருக்கம் தெளிவாகப் புலப்படவில்லை.

இதே காலத்தில், 1948இல், சிட்னி பாபர் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை மருந்தினால் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். பின்வந்த தசாப்தங்களிற் பல மருந்துகளும் கதிர்வீச்சும் இணைந்து நோயாளர் பலரை முற்றாகக் குணப்படுத்தின. ஆயினும், புற்றுக்கலத்தை அழிக்கும் அவ்வாற்றலே இனப்பெருக்கக் கலத்திலும் விகாரத்தை விளைவிக்கக்கூடியது. எலிகளிற் செய்யப்பட்ட பரிசோதனைகள் இவ்வச்சத்தை வலுப்படுத்தின. மீண்ட சிறுவர்கள் மணப்பருவம் எய்தியபோது, விடை அவசியமாயிற்று.

1998இல் வெளியான ஆய்வொன்றில், மீண்டோரின் 2,198 பிள்ளைகளுள் 3.4 சதவீதத்தினரிடமும், ஒப்பீட்டுக் குழுவினரின் 4,544 பிள்ளைகளுள் 3.1 சதவீதத்தினரிடமும் பரம்பரை நோய் காணப்பட்டது. இவ்வேறுபாடு புள்ளிவிபர நோக்கிற் பொருட்படுத்தத்தக்கதன்று. 4,699 பிள்ளைகளை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வும் இம்முடிவையே வழிமொழிந்தது. 2021இல் செர்னோபில் விபத்தின் கதிர்வீச்சுக்கு உட்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் 130 பேரின் பரம்பரையலகுத் தொகுதியை நேரடியாக வாசித்தபோதும், புதிய விகாரங்கள் மிகுந்திருக்கவில்லை.

எனினும் இரு வேறுபாடுகளை மறத்தலாகாது. விழித்திரைப் புற்றின் ஒரு வகை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும். அங்கு காரணம் நோயேயன்றிச் சிகிச்சையன்று. அவ்வாறே, சிறுவயதிற் கருப்பை பெருமளவு கதிர்வீச்சுக்கு உட்பட்டிருப்பின் குழந்தை இறந்து பிறக்கும் அபாயம் அதிகரிக்கும். அது உறுப்பின் சேதமேயன்றிப் பரம்பரைக் குறையன்று. கருவளம் குன்றுதலும் அத்தகையதே.

சான்று கிட்டாமை, தீங்கு அறவே இல்லை என்பதற்கு நிரூபணமாகாது. ஆயினும், ஈயிலும் எலியிலும் கண்டதை மனிதர்மீது ஏற்றி, நோயை வென்றவர்க்கு மணவாழ்வையும் மகப்பேற்றையும் மறுப்பதற்கு இவ்வரலாறு இடமளிக்கவில்லை.