ஓயாது வாசித்த கணனி

கணனிக்கு உலகறிவை ஊட்டுவது எவ்வாறு? 1984ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் டக்ளஸ் லெனற் தொடங்கிய 'சைக்' திட்டம் இவ்வினாவுக்கு ஒரு விடையை முன்வைத்தது. மனிதர் இயல்பாக அறிந்திருக்கும் பொது அறிவை வல்லுநர் ஒவ்வொன்றாக எழுதிக் கணனிக்கு அளித்தல் வேண்டும் என்பதே அவ்விடையாகும். ஆண்டுகள் பல கழிந்தும் எழுத வேண்டியவை எஞ்சியே நின்றன.

மாற்று வழியொன்றும் உருவாயிற்று. சில சொற்றொடர் அமைப்புகளே பொருளுறவைப் புலப்படுத்தவல்லன என 1992இல் மார்ட்டி ஹேர்ஸ்ற் எடுத்துக்காட்டினார். 'மா, பலா போன்ற பழங்கள்' என்னும் தொடரை வாசிப்பவர், பலாவை முன்னர் அறியாதவராயினும், அது ஒரு பழம் என்று உணர்வர். பொறியும் அவ்வாறே உணரலாம் அன்றோ?

இவ்வழியில் நெடுந்தூரம் சென்றது, பிற்ஸ்பேக் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரொம் மிற்செல் தலைமையில் உருவான 'நெல்' என்னும் பொறியாகும். ஓயாது மொழி கற்கும் பொறி எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே இது. 2010 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய இப்பொறி, இரவு பகலாக இணையப் பக்கங்களை வாசித்தது. நகரம், நிறுவனம், விளையாட்டு வீரர் முதலான வகைகள் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து உதாரணங்களே விதையாக இடப்பட்டன. உதாரணங்களிலிருந்து தொடரமைப்புகளையும், தொடரமைப்புகளிலிருந்து புதிய உதாரணங்களையும் பொறி தானே கண்டறிந்தது.

ஆயின், பிழையும் விதையாகும். ஒரு பிழை ஏற்கப்படின் அதிலிருந்து பல பிழைகள் முளைக்கும். இதனைத் தடுக்கும் பொருட்டுப் பல கற்றல் முறைகள் ஒன்றையொன்று சரிபார்க்குமாறு பிணைக்கப்பட்டன. ஒரே பெயர் நகரமாகவும் மனிதராகவும் இருத்தல் அரிது என்பன போன்ற கட்டுப்பாடுகளும் விதிக்கப்பட்டன. 67 நாட்களில் 2,42,000க்கு மேற்பட்ட கூற்றுகள் சேர்ந்தன. அவற்றுள் ஏறத்தாழ 74 வீதமானவையே சரியானவை என மதிப்பிடப்பட்டது.

எஞ்சியவை எவ்வாறு பிழைத்தன? 'குக்கி' என்னும் ஆங்கிலச் சொல் பிஸ்கற் வகையையும், இணையத்தளங்கள் கணனியில் பதித்துவைக்கும் சிறு தரவையும் குறிக்கும். 'குக்கிகளை அழித்தேன்' என்பதை வாசித்த பொறி, 'கோப்புகளை அழித்தேன்' என்பதையும் கண்டு, கோப்பையும் வெதுப்பக உணவெனக் கொண்டது. முதல் ஆறு மாதங்கள் தனித்து விடப்பட்ட பொறியை, அதன்பின் ஆய்வாளர் இடையிடையே பார்வையிட்டுத் திருத்தலாயினர்.

2018இல் வெளியான கட்டுரையின்படி பொறி சேர்த்தவை 12 கோடியாகும். ஆய்வாளர் இவற்றை 'அறிந்தவை' என்னாது 'நம்பிக்கைகள்' என்றே வழங்கி, ஒவ்வொன்றுக்கும் உறுதியின் அளவையும் குறித்தனர். இச்சொல்லாட்சி கருதத்தக்கது. பலர் எழுதியது என்பதனால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. பெருந்தொகையான எழுத்தை வாசித்துப் பயின்ற பிற்காலப் பொறிகள் மனிதரைப் போலவே உரையாடுகின்றன. எனினும் 'நெல்' எழுப்பிய வினா அவற்றின் முன்னும் நிற்கின்றது. வாசித்தது வேறு, மெய்யென அறிந்தது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்தும் பொறுப்பு இன்னும் மனிதரிடமே உள்ளது.