மூட்டுக் குருத்தெலும்புச் சிதைவு: சிகிச்சை வளர்ந்த வரலாறு

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் மூட்டுக் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதில் பெரும்பகுதி நீர். எஞ்சியவை முக்கியமாக இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளும் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கன்களும். இரத்தக்குழாயும் நரம்பும் அதில் கிடையாது. அதனால் தொடக்கநிலைச் சிதைவு பெரும்பாலும் வலியின்றிக் கடந்துபோகிறது. புண் ஆறுவதற்கு வேண்டிய இரத்தமும் அங்கே வந்து சேர்வதில்லை.

1743-இல் வில்லியம் ஹண்டர் லண்டன் ராயல் சொசைட்டியில் அளித்த கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளி. குருத்தெலும்பின் விளிம்பைச் சுற்றி இரத்தக்குழாய்கள் வளையமாக அமைந்திருப்பதை அவர் விவரித்தார். அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்றும் பதிவு செய்தார். பின்வந்த சிகிச்சைகள் எல்லாமே இந்த முடிவோடு நடந்த போராட்டம் எனலாம்.

சிதைவை நேரில் காணும் வழி நெடுங்காலம் கழித்தே பிறந்தது. 1918-இல் டோக்கியோவில் கெஞ்சி தகாகி, சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியை இறந்தவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் வழிவந்த மசாகி வதனபே 1950-களின் இறுதியில் நடைமுறைக்கு உகந்த மூட்டு உள்நோக்கியை உருவாக்கினார். 1961-இல் அவுட்டர்பிரிட்ஜ், முழங்கால் சில்லின் சிதைவை நான்கு படிகளாக வகுத்தார்: முதற்படியில் குருத்தெலும்பு மென்மையாகி வீங்கும், நடுவிரு படிகளில் வெடிப்புகள் தோன்றிப் பரவும், நான்காம் படியில் எலும்பே வெளித்தெரியும்.

குருத்தெலும்பில் இல்லாத இரத்தம் அதன் அடியிலுள்ள எலும்பில் உண்டு. 1959-இல் பிரிஸ்டலைச் சேர்ந்த கென்னத் பிரைடி அந்த எலும்பில் துளையிடும் முறையை அறிவித்தார். 1980-களில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டெட்மன் கூரிய ஊசிக்கருவியால் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் நுண்துளைகள் இட்டார். மஜ்ஜையிலிருந்து கசியும் இரத்தம் உறைந்து, அதிலுள்ள செல்கள் புதிய திசுவாக வளர்கின்றன. ஆனால் அத்திசு முதல்வகைக் கொலாஜன் மிகுந்த நார்க்குருத்தெலும்பு; அசலின் உறுதி அதற்கில்லை. ஹங்கேரியின் லாஸ்லோ ஹாங்கோடி 1990-களில் வேறு வழியை நாடினார்: பாரம் குறைவாகத் தாங்கும் பகுதியிலிருந்து குருத்தெலும்பைச் சிறு எலும்புத் துண்டுகளோடு எடுத்துப் பள்ளத்தில் பதித்தார். எடுக்கக்கூடிய இடம் குறுகியது என்பதே இதன் எல்லை.

சுவீடனின் கோதன்பர்க் குழு செல்லையே நம்பியது. நோயாளியின் குருத்தெலும்பில் சிறு துணுக்கு எடுத்து, செல்களை ஆய்வகத்தில் இரண்டு மூன்று வாரம் பெருக்கி, எலும்புறைச் சவ்வால் மூடிய குழிக்குள் செலுத்தினர். பிரிட்பெர்க், பீட்டர்சன் குழுவினரின் 1994-ஆம் ஆண்டுக் கட்டுரை 23 நோயாளிகளைப் பற்றியது. தொடை எலும்பில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன்; முழங்கால் சில்லில் பெற்ற 7 பேரில் 2 பேருக்கே. வெற்றியைவிட இந்த வேறுபாடே கூர்ந்து நோக்கத்தக்கது: சிதைவு எந்த இடத்தில் உள்ளது என்பது சிகிச்சையின் விளைவை எவ்வளவு மாற்றும் என்பதை அது காட்டியது. நார்வேயில் 80 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஒப்பீட்டில், இரண்டு ஆண்டு முடிவில் செல் சிகிச்சை நுண்துளை முறையை விஞ்சவில்லை. பின்னாளில் செல்களைக் கொலாஜன் படலத்தில் ஏற்றிப் பொருத்தும் முறை வளர்ந்து, 2016-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது.

இவையாவும் பள்ளம் ஓரிடத்தில் ஒதுங்கி, சுற்றியுள்ள குருத்தெலும்பு நலமாக இருப்பவர்களுக்கே பெரிதும் பொருந்தும். மூட்டு முழுவதும் தேய்ந்தவர்களுக்கு எடைக் குறைப்பு, தொடைத் தசைப் பயிற்சி, வலிநிவாரணம் ஆகியவை முதல் துணை; அவை போதாதபோது செயற்கை மூட்டு பொருத்தப்படுகிறது.