டூல்பார்கள் குடியேறிய கதை

வரலாறு என்றால் ராஜாக்களும் போர்களும் மட்டும்தானா? கணினித் திரைக்கும் ஒரு படையெடுப்பு வரலாறு உண்டு. நம் கெடார், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் அடிபட்டவர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997-இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-இல் ஒரு வாசலைத் திறந்தது. பிறர் எழுதிய சிறு நிரல்கள் அந்த வழியாக பிரவுசருக்குள் உட்கார்ந்து வேலை செய்யலாம். நோக்கம் நல்லதுதான். 2000 டிசம்பரில் கூகுள் டூல்பார் வந்தது. தேடல் தளத்தைத் திறக்காமலே மேலே இருக்கும் பட்டையில் தட்டச்சு செய்து தேடலாம் என்றதும் எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. பின்னாலேயே யாஹூ, ஆஸ்க், பாபிலோன் என்று வரிசை கட்டி வந்தார்கள்.

இதில் காசு எப்படி வந்தது என்று பார்த்தால்தான் மீதிக் கதை புரியும். டூல்பாரில் நாம் தேடினால் விளம்பரம் வரும். அதைத் தட்டினால் டூல்பார்காரருக்கு ஒரு பங்கு. ஆகவே எத்தனை கணினியில் ஏறுகிறதோ அத்தனை வருமானம். இலவச மென்பொருள் தருகிறவரிடம் போய், "உன் மென்பொருளோடு என்னையும் ஏற்றிவிடு, ஏறுகிற ஒவ்வொரு கணினிக்கும் இவ்வளவு தருகிறேன்" என்றார்கள். அவரும் நிறுவும் போது வருகிற பெட்டியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டு, டிக்கையும் தாமே போட்டு வைத்தார். ஆங்கிலத்தில் இருக்கிற அந்த வரியை யார் படித்தார்கள்? "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டே போவதுதான் நம் வழக்கம். சம்மதம் வாங்கிவிட்டோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம். நான் அதைச் சம்மதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கப் பிரவுசிங் சென்டரில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த காலம் நினைவிருக்கும். நான்கு பட்டை ஏறிய பிரவுசர் திறப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். அந்தக் காசு பெற்றோர் காசு. விவரமான கடைக்காரர்கள் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டு வைத்தார்கள். கணினியை அணைத்துப் போட்டால் அன்று ஏறிய குப்பை எல்லாம் போய், பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஜாவாவின் கதை இன்னும் மோசம். அரசு இ-டெண்டரில் டிஜிட்டல் கையொப்பம் போட ஜாவா வேண்டியிருந்ததால் ஒப்பந்தக்காரர்கள் அதை நிறுவியே ஆக வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டிலும் ஆஸ்க் டூல்பாருக்கு டிக் போட்டபடியே வரும். அது உடனே ஏறாது. 10 நிமிடம் கழித்துத்தான் ஏறும் என்பதை 2013-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். டிக்கை எடுக்க மறந்தவர் பதறிப்போய் உடனே கண்ட்ரோல் பேனலில் தேடினால் ஒன்றும் இருக்காது. 2015 ஜூனில் ஆஸ்க் டூல்பாரின் பழைய பதிப்புகளை மைக்ரோசாஃப்ட் வேண்டாத மென்பொருள் என்று அறிவித்தது.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் வாங்கித் தந்த அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸுக்காக எழுதிய இந்த டூல்பார்கள் லினக்ஸில் ஏறாது. ஆனால் பிள்ளைகள் பாட்டும் விளையாட்டும் இறக்க விண்டோஸைத்தான் திறந்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் கணினி ஆறு மாதத்தில் திணறியதும் "கவர்ன்மென்ட் லேப்டாப் இவ்வளவுதான்" என்று பேச்சு கிளம்பியது. குற்றம் பெட்டியில் இல்லை என்று சொன்னால் கேட்க ஆளில்லை.

நீக்குவதும் லேசில்லை. கண்ட்ரோல் பேனலில் எடுத்தாலும் முகப்புப் பக்கம் மாறியே இருக்கும். டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஐகானின் முகவரிக்குப் பின்னால் அவர்கள் தளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து தந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். ஹைஜாக்திஸ் என்ற கருவியை எழுதியவர் நெதர்லாந்து மாணவர் ஒருவர். 2011-இல் பிரான்சிலிருந்து ஆட்வ்கிளீனர் வந்தது. ஒரே ஓட்டத்தில் பல டூல்பார்களைத் துடைத்துவிடும். 2016-இல் மால்வேர்பைட்ஸ் அதை வாங்கிக்கொண்டது, இன்றும் இலவசம்தான்.

கூகுள் டூல்பார் 2021-இல் நின்றது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15-இல் விடை கொடுத்தார்கள். பட்டைகள் போய்விட்டன, தொழில் போகவில்லை. இப்போது அது எக்ஸ்டென்ஷன் என்ற பெயரில் நடக்கிறது. தி கிரேட் சஸ்பெண்டர் என்று பலரும் நம்பிப் பயன்படுத்திய ஒன்றை, எழுதியவர் வேறொருவருக்குக் கைமாற்றினார். புதியவர் கையில் அதற்குள் வேறு வேலை நுழைந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. பழைய டூல்பாராவது கண்ணுக்குத் தெரிந்தது. இதைக் குரோமில் மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குள் போனால்தான் முழுப் பட்டியலும் தெரியும். அங்கே பெயர் தெரியாதது ஏதாவது இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.